பிடித்த கை, விட்ட கை

மழைக்காலத்தில் சென்னைப் புறநகரான முடிச்சூர்ப் பக்கம் ஒரு மணி நேரம் காதைத் திறந்து வைத்திருந்தால் ‘விடு’ என்ற வினையின் பாதி அகராதி கிடைத்துவிடும். “லீவு விட்டாச்சா?” “மழை விட்டதும் கெளம்பு.” “ஏரியத் தொறந்து வுட்டுட்டாங்களாம்.” முதலாவதில் கலெக்டர் விடுகிறார். இரண்டாவதில் மழை நிற்கிறது. மூன்றாவதில் நீர் புறப்படுகிறது. நிற்பதற்கும் புறப்படுவதற்கும் ஒரே சொல்.

உள்ளிருப்பதை வெளியே அனுப்பத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை: விடு, வெளியிடு, வெளியேற்று, உமிழ், கக்கு, துப்பு, கழி, சிந்து. நிகண்டுகள் செயல்களுக்கென்றே தனித் தொகுதி வைத்திருந்தன. மனப்பாடத்துக்கான செய்யுள் என்பதால், எது எங்கே வரும் என்பதை வழக்கின் பொறுப்பில் விட்டன. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு அந்த வேலையைத் தொடங்கியது.

சொல்லின் குணம் உடம்பில்தான் நன்றாகத் தெரியும். சித்த மருத்துவம் அடக்கக் கூடாத 14 வேகங்களை, அதாவது உடம்பின் உந்துதல்களை, சொல்கிறது. பசி, தாகம், உறக்கம் நீங்கலாகப் பெரும்பாலானவை உடம்பிலிருந்து வெளியேறுபவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வினை வேறு. மூச்சை விடுகிறோம், தும்மலைப் போடுகிறோம், சிறுநீரைக் கழிக்கிறோம், வாந்தியை எடுக்கிறோம்! மூச்சைக் கொஞ்ச நேரமாவது பிடித்து வைக்கலாம். அதனால் விடவும் முடிகிறது. வாந்தி நம் பிடியில் நிற்பதில்லை. பிடி இருந்தால்தான் விடுதல் என்பது என் கணக்கு. பிடித்து வைக்காமலேயே ‘விடுகிற’ கொட்டாவியும் ஏப்பமும் இந்தக் கணக்கில் இடறுகின்றன, போகட்டும். ‘மழை விட்டது’, ‘காய்ச்சல் விட்டது’ என்னும்போது பிடித்திருந்தது அவை, பிடிபட்டிருந்தவர்கள் நாம்.

‘உமிழ்’ ஒரு காலத்தில் எச்சிலுக்கும் பாம்பின் நஞ்சுக்கும் விளக்கின் ஒளிக்கும் பொதுவாக இருந்தது. எச்சிலைத் ‘துப்பு’ எடுத்துக்கொண்டுவிட, இப்போது கார்பன் உமிழ்வு என்று கருத்தரங்கத்தில் பிழைக்கிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்தபோது எழுந்த புகையை உமிழ்வு என்று அறிக்கையில் எழுதலாம். பக்கத்துத் தெருக்காரருக்குத் தெரிந்தது மூச்சு விட முடியவில்லை என்பதுதான்.

‘வெளியேற்று’ அலுவலகச் சொல். ‘உபரிநீர் வெளியேற்றப்படுகிறது’ என்ற வாக்கியத்தில் நீர் இருக்கிறது, அளவு இருக்கிறது, ஆள் இல்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவும் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை வெளியேற்றப்பட்டதாக அரசு சொன்னது. அடையாற்றங்கரையில் உள்ள சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் இதை யாரும் அப்படிச் சொல்லவில்லை. “தொறந்து வுட்டுட்டாங்க” என்றார்கள். மதகைப் பிடித்திருந்த கை எது என்ற கேள்வி அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே வீடுகளுக்குள் புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வந்த தண்ணீர். இதற்கு ஏரிக்காரர்களிடம் பழைய பேச்சு உண்டு: “ஏரி கலங்கல் போகுது.” இங்கே ஏரிதான் எழுவாய், யாரும் எதையும் விடவில்லை. ஆனாலும் முடிச்சூரில் இன்றும் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்ட கதையைக் கேட்கலாம். நிலப்படத்தின்படி தவறு. ஆனால் நீர்வழியில் மனை பிரித்து, கால்வாயைக் குறுக்கிய கைகளை நினைத்தால் ‘விட்டுட்டாங்க’ என்ற சொல்லை நான் திருத்த மாட்டேன்.

‘வீடு’ என்பதும் ‘விடு’ நீண்டு பிறந்த தொழிற்பெயர்தான் என்பார்கள் இலக்கணக்காரர்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டின. வீட்டை விட்டுப் போக வேண்டி வருமோ என்று தெரியாதவர்கள், முதலில் வண்டியை மேலே விட்டுவிட்டு, குடை பிடித்து நடந்தே வீடு திரும்பினார்கள்.