வலை விரித்தவர் யார்?

திருவரங்கத்திலே, கீழைப் பக்கத்தில், வெள்ளைக் கோபுரம் நிற்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் டில்லிப் படை கோயிலைச் சூறையாடியபோது, வெள்ளையம்மாள் என்னும் தேவதாசி, படைத்தலைவனை மயக்கிக் கோபுர உச்சிக்கு அழைத்துச் சென்று தள்ளிக் கொன்றாள். பிறகு தானும் குதித்து மாண்டாள் என்பது அவ்வூர் மரபுக் கதை. கோபுரத்தின் பெயரே அவளால் வந்தது என்பாரும் உளர். கதையோ, வரலாறோ, இருக்கட்டும். கோயிலுக்காக உயிர் நீத்த தாசிக்குக் கோபுரம்! தாசி என்றொரு பிறவியே இனி வேண்டாமென்று, உயிரோடிருந்து வாதாடிய பெண்ணுக்கு? மாண்டவளுக்கு மரியாதை, மறுத்தவளுக்கு வசைமாரி!

மறுத்தவர் ஒருவரைத் திருச்சி நன்கறியும். 1938 ஆகஸ்டு முதல் நாள், கட்டாய இந்தியை எதிர்த்து உறையூரிலிருந்து சென்னைக்குத் தமிழர் பெரும்படை புறப்பட்டதே, அதிலே 42 நாள் நடந்தார், ஐம்பத்தைந்து வயது மூதாட்டி மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அந்த நடையைப் புகழாத மேடையில்லை. ஆனால் அதற்கு இரண்டாண்டு முன்பே, 1936-இல், அவர் தந்த 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' என்னும் புதினத்தைப் படித்தோர் எத்தனை பேர்? போற்றிவிட்டுப் படிக்காமலிருப்பது, பூசை செய்வதற்குச் சமம். ஆகவே, படிப்போம், குறையிருப்பின் கூறுவோம்.

1883-இல் பிறந்து, இளஞ்சிறுமியாகவே, பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் தாசி வீட்டிலே விடப்பட்டவர் அம்மையார். வளர்ந்ததும் அவ்வாழ்வை உதறினார்; தமக்குப் பாட்டு கற்பித்த ஆசிரியரையே மணந்தார். எனவே அவர் எழுதியது கேட்டறிந்த கதையன்று, பட்டறிந்த கதை. காந்தா, கானவதி என்னும் தாசிச் சகோதரிகளும், அவர்கள் தாய் போகசிந்தாமணியும், பணக்கார மைனரைப் பிடித்துப் பொருள் பறிப்பதே நூலின் முதற்பொருள். மகளிருக்குத் தாய் தொழில் பயிற்றும் பக்கங்களைப் பாருங்கள்! காதல் எனும் பெயரால் நடப்பது கணக்குவழக்கு என்பதை, உள்ளிருந்து வந்தவரன்றி வேறெவர் இவ்வளவு துல்லியமாகத் தீட்டமுடியும்?

சொற்பொழிவுகள் நீள்கின்றன, கதை அங்கங்கே நின்றுவிடுகிறது. உண்மை. அது சிறு குறை. பெருங்குறை, தலைப்பிலேயே இருக்கிறது. தாசிகள் மோசவலையாம்! மைனர் மதி பெறுகிறான். மோசம் மட்டும் தாசியின் கணக்கில் எழுதப்படுகிறது. வலையிலே சிக்கியவள் மீதே வலை விரித்த பழியைச் சுமத்துவதா?

வலையின் நூல் எது? நிலம்! பொட்டுக்கட்டிக்கொண்டு கோயிற்பணி செய்தால் மானியம். பணி நின்றால், மானியத்துக்கும் ஆபத்து. மகளுக்குப் பொட்டுக்கட்டத் தாய் துடித்தது காமத்தாலன்று, கஞ்சிக்காக. டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் 1929-இல் வந்த சட்டத்திருத்தம், நிலத்தையும் கோயிற்பணியையும் பிணைத்த முடிச்சை அவிழ்த்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலையே தடுத்தது. ஆனால் 'தாசி' என்ற சொல் வசையாகவே தங்கிற்று. முறை ஒழிந்தது, இழிவு ஒழியவில்லை! சீர்திருத்தக்காரரும் இதற்குப் பொறுப்பல்லவா? நிலமும் சாத்திரமும் செய்த குற்றத்துக்கு, நாமும் பெண்ணையே கூண்டிலேற்றினோம்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1852-இல் ஸ்டோ அம்மையார் அடிமைகளுக்காகத் தீட்டிய 'டாம் மாமாவின் குடிசை' உலகப்புகழ் பெற்றது. 1861-இல் ஹாரியட் ஜேக்கப்ஸ் என்னும் கருப்புப் பெண், எசமானனின் காமத்துக்குத் தப்பி, பாட்டி வீட்டுப் பரணில் ஏறத்தாழ ஏழாண்டு ஒளிந்திருந்த தன் கதையைப் புனைபெயரில் எழுதினார். நெடுங்காலம் அதைக் கற்பனை என்றனர் அறிஞர்கள்! 1987-இல் ஜீன் யெல்லின் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்ட பதிப்பே உண்மையை நிலைநாட்டிற்று. அடிமைக்காகப் பிறர் அழுதால் இலக்கியம். அடிமையே வாய்திறந்தால் ஐயம்! ஜேக்கப்ஸின் நூலிலே வெட்கப்படவேண்டியவன் எசமானன். நம் நூலின் தலைப்பிலோ வெட்கம் பெண்ணின் தலையில். அம்மையார் நூலினும் இவர் நூல் உயர்ந்து நிற்பது இந்த ஓரிடத்தில்தான்.

எனினும், குறைகண்டு நூலை ஒதுக்குவது மடமை. தாசி வாழ்வை உதறிய பெண்ணே எழுத்தாளராகி, அவ்வாழ்வைச் சந்திக்கு இழுத்த துணிவு தமிழுக்குப் புதிது. அந்தத் துணிவின் முன், தலைப்பின் தவறு சிறுத்துப்போகிறது.

1989-இல் திருமண உதவித் திட்டத்துக்கு அம்மையார் பெயர் சூட்டப்பட்டது. 2022-இல் அது, அரசுப் பள்ளியில் பயின்ற பெண்கள் மேற்படிப்புக்கு மாதம் 1000 ரூபாய் பெறும் திட்டமாக மாறிற்று. தாலிக்குப் பொன் தருவதினும் ஏட்டுக்குப் பொருள் தருவதே அவருக்கேற்ற நினைவு. அப்பணம் பெறும் மாணவி ஒருத்தி, கல்லூரி நூலகத்திலே இந்நூலைக் கேட்டு வாங்கட்டும். படித்து, தலைப்பை அடித்துத் திருத்தட்டும். கோபுரம் வேண்டாம் அம்மையாருக்கு; கேள்வி கேட்கும் பெண் ஒருத்தி போதும்!