போச்சே: அரை அங்குலப் புல்லில் ஓர் ஆட்டம்

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்லுக்கு மாறியது. முந்தைய ஆண்டுதான் உலகக்கோப்பையை வென்றிருந்த இந்தியா, ஏழாம் இடத்துக்கு இறங்கியது. தரை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தரை மாறினால் எந்தத் திறமைக்கு மவுசு என்பதும் மாறிவிடும். இத்தாலியர்களின் போச்சே ஆட்டத்தில் இது இன்னும் வெளிப்படை. (பெயரைக் கேட்டால் எதையோ தொலைத்த புலம்பல் போலிருக்கும்; அது தமிழ்க் காதின் கோளாறு.)

ஆட்டம் எளிது. 'பல்லினோ' என்ற குட்டிப் பந்தை முதலில் உருட்டிவிடுவார்கள். அணிக்கு நான்கு பெரிய பந்துகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 920 கிராம். யாருடைய பந்து பல்லினோவுக்கு மிக அருகில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கோலி ஆடியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். சுண்டுவதற்கு முன் தரையைக் கையால் தடவிப் பார்த்தவர்கள்தானே நாம்!

அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் களம் அமைப்பவர்களிடையே சிப்பி ஓட்டுத் தூளா, செயற்கைப் புல்லா என்ற வாக்குவாதம் ஓயாது. சிப்பித் தூள் மழைநீரை வடித்துவிடும், பந்தும் அதில் அழகாக ஓடும். ஆனால் அடிக்கடி தண்ணீர் தெளித்து, இழுத்துச் சமன்செய்து, உருளை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் நடுவில் தடம் விழுந்து, எப்படி உருட்டினாலும் பந்து அந்தத் தடத்திலேயே போகும். இந்த வேலைக்குப் பயந்துதான் பலரும் புல்லுக்குத் தாவுகிறார்கள். நியாயம்தான். சிக்கல், எந்தப் புல் என்பதில் இருக்கிறது.

தோட்ட அலங்காரத்துக்கு விற்கும் ஒன்றரை அங்குலப் புல்லை விரித்தால் பந்து அதில் புதைந்து நடக்கும். மெதுவாக உருட்டி பல்லினோவை ஒட்டி நிறுத்தும் 'புந்தோ' அங்கே வெறும் தோள்வலு ஆகிவிடும். எதிரணியின் பந்தை வேகமாக மோதித் தள்ளும் 'ராஃபா'வுக்கோ அது பாதுகாப்பு. பல ஆட்டமுறைகளில், வேறு பந்தைத் தொடாமல் பின்பலகையில் மோதும் பந்து செத்த பந்து. வேகமான தளத்தில் அந்தப் பயம் ஆட்டக்காரரின் கையைக் கட்டும். மெத்தென்ற புல்லோ பந்தைப் பிடித்து நிறுத்தி அவரது பிழையை மன்னித்துவிடும். பிழைக்குத் தண்டனை இல்லாத களத்தில் நுட்பத்துக்கு ஏது மரியாதை?

அதனால் இழை அரை அங்குலத்தைத் தாண்டாமல், அடர்த்தியாக இருப்பதே என் தேர்வு. இடையில் மணலை நிரப்பித் துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டால், பந்தைச் சுமப்பது பெரும்பாலும் மணல்தான். புல் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவே. அடித்தளக் கருங்கல் தூளைச் சமன்படுத்தி இறுக்காமல் விட்டால், எவ்வளவு விலை கொடுத்த புல்லும் பள்ளத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். வானில் தூக்கி எறியும் 'வோலோ' பிரியர்கள் மட்டும் எந்தப் புல்லிலும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். பந்து விழும் இடத்தில் முதலில் நொந்துபோவது புல் விரிப்புகளை இணைக்கும் ஒட்டுப்பட்டைதான்.

அதிகம் பேசப்படாத விஷயம் இழையின் சாய்வு. சாய்ந்த திசையில் உருட்டினால் பந்து வழுக்கிப் போகும், எதிர்த்திசையில் திணறும். ஒவ்வொரு சுற்றுக்கும் முனை மாற்றி ஆடுவதால் இரு அணிக்கும் இது பொது. ஆனால் அதைக் கணிக்கத் தெரிந்தவருக்கு லாபம்.

புல்தரையில் பந்து உருட்டும் லான் பௌல்ஸ் ஆட்டத்தில் தளத்தின் வேகத்தை, 27 மீட்டர் உருண்டு நிற்கப் பந்து எடுக்கும் விநாடிகளால் அளக்கிறார்கள். அதிக விநாடி என்றால் வேகமான தளம். தலைகீழாகத் தோன்றும், ஆனால் வழுக்கும் தரையில் மெல்லத் தள்ளினாலே போதும், பந்து நிதானமாக ஊர்ந்து போய்ச் சேரும். 60 அடி வீட்டுக் களத்திலும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். புல் விற்பவர் கையகலத் துண்டை நீட்டித் தடவிப் பார்க்கச் சொல்வார். அது போதாது. அவர் ஏற்கெனவே புல் விரித்த களம் எங்கே என்று கேளுங்கள். கைக்கடிகாரத்தோடு போய், இந்த முனையிலிருந்து ஒரு பந்து, அந்த முனையிலிருந்து ஒரு பந்து உருட்டிப் பாருங்கள்.