சாணத்துக்கு ஒரு தராசு

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் அத்தை வீட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ஒரு கோபர் கேஸ் தொட்டி இருந்தது. காலையில் சாணத்தை அள்ளிப் போட்டு, அதே அளவு தண்ணீர் ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுக் கரைத்து, மிதக்கும் வைக்கோலைப் பொறுக்கி எறிந்துவிட்டு அத்தை அடைப்பைத் திறந்துவிடுவார். குழிக்குள் கவிழ்த்து வைத்த இரும்பு மூடி இரவெல்லாம் மெல்ல மேலே ஏறியிருக்கும். அடுப்பில் தீ சோர்ந்தால் மூடியின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைப்பார்கள். உடனே நீலமாக எழும்பும். பாத்திரத்தில் கரி ஏறாது, கண் எரியாது. ஐந்து மாடு இரண்டான பிறகு பாதிச் சோற்றிலேயே தீ நின்றது. சாயம் அடிக்காமல் விட்ட மூடி துருப்பிடித்துப் பொத்தலானது. இப்போது அந்தக் குழியில் தேங்காய் மட்டை கிடக்கிறது.

அத்தை வீட்டில் நடந்ததை விதியின் மேல் போட வேண்டியதில்லை, கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். தினமும் 2 கன மீட்டர் வாயு தரும் தொட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணம் வேண்டும். நாலைந்து மாடு கட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் நாலைந்து பேருக்குச் சமையல் ஆகும். 1981-82-இல் மத்திய அரசு இதைத் தேசியத் திட்டமாக்கி மானியம் கொடுத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் மானியம் மாடு உள்ள வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ஒற்றை மாட்டுக்காரருக்கும், தெருவில் சாணம் பொறுக்கி வரட்டி தட்டி விற்றவருக்கும் அதில் இடமில்லை. சாணத்துக்கு மதிப்பு கூடினால் பொறுக்குகிறவர் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வியை அன்றே சிலர் எழுப்பினார்கள்.

தனித்தனியாக முடியாததை ஊராகச் சேர்ந்து செய்யலாமே என்ற யோசனையின் உரைகல் கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில், குனிகல் வட்டத்தில் இருக்கும் புரா என்ற சிற்றூர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்யா ரெட்டி 1974-இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ குழுவினர் அங்கே போனார்கள். முதலில் அவர்கள் நினைத்தது ஊர்ச் சாணத்தையெல்லாம் ஒரே தொட்டியில் சேர்த்து வீட்டுக்கு வீடு சமையல் வாயு கொடுப்பது. அது நடக்கவில்லை. ஏட்டில் போட்ட கணக்கு அளவுக்குச் சாணம் கிடைக்கவில்லை. மேயப் போகிற மாடு காட்டில் போடுவது தொட்டிக்கு வருமா? எல்லா வீட்டுச் சமையலுக்கும் வாயு போதவில்லை. பாதி வாயுவும் பாதி விறகும் என்றால் எந்தப் பெண்ணும் விறகைத்தான் நம்புவாள்.

தோற்ற இடத்திலிருந்து அவர்கள் எடுத்த திருப்பம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஊரார் கேட்டது குடிதண்ணீர். 1987-இல் அதே வாயுவை, கொஞ்சம் டீசலோடு சேர்த்து எரியும் எஞ்சினுக்குக் கொடுத்து, 5 கிலோவாட் மின்சாரம் எடுத்து ஆழ்துளைக் கிணற்று நீரை மேலேற்றினார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. அப்புறம் வீடுகளில் குழல்விளக்கு எரிந்தது. கொண்டுவரும் சாணத்தை எடைபோட்டு ஏட்டில் குறித்தார்கள். செரித்த கரைசலை மணல் படுகையில் வடியவிட்டு, கொடுத்த அளவுக்கு எருவாகத் திருப்பித் தந்தார்கள். சுமந்து வந்தவருக்குத் தனியாகக் கூலியும் உண்டு. சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஊர் வளர்ச்சிச் சங்கம் வரவு செலவைப் பார்த்தது. யாராவது சாணம் கொடுக்காமல் ஏய்த்தால் தண்ணீர் ஊருக்கே நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறியவரைக் கேட்க அதிகாரி வரவேண்டியதில்லை, குழாயடியே போதும்.

எரிசக்தி என்றாலே எஞ்சினைப் பற்றிப் பேசுகிறோம். புராவில் எஞ்சினைவிடத் தராசுதான் முக்கியமான கருவி என்பேன். வயலுக்குப் போகவேண்டிய எரு கைவிட்டுப் போகும் என்ற பயம் ஒரு விவசாயிக்கு இருக்கும் வரை எந்தத் தொட்டியும் நிறையாது. எடைபோட்டு எடுத்ததை எடைபோட்டுத் திருப்பியபோது அந்தப் பயம் போயிற்று.

ஆனாலும் ஒரு குறையை மறைத்துப் பாராட்ட முடியாது. சிற்றூரில் எரிவதில் பெரும்பங்கு சமையல் விறகு என்பதை அஸ்த்ராவின் சொந்த ஆய்வுகளே காட்டியிருந்தன. புரா கொடுத்ததோ நீரும் வெளிச்சமும். தண்ணீர்க் குடம் இடுப்பை விட்டு இறங்கியது. விறகுச்சுமை தலையை விட்டு இறங்கவில்லை. சாணத்திலிருந்து ஊருக்கு எரிசக்தி கொடுப்பதுதான் நோக்கம் என்றால், அந்த நோக்கத்தின் கடினமான பாதி ஓரமாக வைக்கப்பட்டது. கிடைக்கிற சாணத்துக்கு அதுதான் சரியான முடிவு. ஆனால் அதை ‘எரிசக்தித் தன்னிறைவு’ என்று அழைப்பது மிகை.

அதே வட்டத்தில் ஹோசஹள்ளி வேறு வழியில் போனது. மின்சாரம் எட்டாத அந்த ஊரில் 1988-இல் விறகை வாயுவாக்கும் கலன் வந்தது. சில்லுகளாக வெட்டிக் காயவைத்த மரத்தைக் குறைந்த காற்றில் எரித்தால் புகையிலேயே எரிபொருள் கிடைக்கும். விளக்கு, குடிநீர், மாவு மில் எல்லாம் ஓடின. விறகுக்கென்றே தோப்பு வளர்த்தார்கள். பத்தாண்டுக்கு மேல் நடந்தது, சாதனைதான். ஆனால் தினமும் மரம் வெட்ட, உலர்த்த, வாயுவோடு வரும் தாரைக் கழுவ ஆள் வேண்டும். கழுவிய கறுப்புத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்பது இந்தக் கலன்களுக்கெல்லாம் உள்ள தலைவலி.

நம் பக்கத்தில் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 9 கிலோவாட் கலன் வைத்துக் குடிநீர் ஏற்றியது. அடுத்து 2006-இல் அதே ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. காற்றை யாரும் வெட்டிக் காயவைக்க வேண்டியதில்லை. போதாததற்கு, வீட்டுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை மின்சாரம் இலவசம் என்று இருக்கும் மாநிலத்தில், ஊர்க் கலன் தன் மின்சாரத்தை எந்த விலைக்கு விற்கும்? ஊர்த் திட்டத்தின் தோல்வி என்று எழுதப்படுவதில் பாதி இந்த விலைப் போட்டிதான். மீதிப் பாதி, கரைப்பதும் சுமப்பதும் ‘பொழுதுபோகாமல் செய்யும் வேலை’ என்று கணக்கில் வராமல் விட்டது. புரா அதற்குக் கூலி வைத்தது. நம்மூர் வீட்டுத் தொட்டிகளுக்கு யாரும் வைக்கவில்லை.

போன தடவை போனபோது அத்தையிடம் கேட்டேன், இரும்பு மூடியை மாற்றித் திரும்ப ஓட்டலாமா என்று.

“எரியறதெல்லாம் நல்லாத்தான் எரிஞ்சுது கண்ணு. கரைக்கறதுக்கு ஆரு வருவா?”

சமையலுக்கு சிலிண்டர் இருக்கிறது. அதைக் குளிக்கிற தண்ணிக்குச் செலவழிக்க அவருக்கு மனசு வருவதில்லை. குழியிலிருந்து நாலு மட்டையை உருவிக்கொண்டு வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.