பிடித்த இடத்தை ஏன் விடுகிறோம்?

ஹைதராபாத்தில் நான் பயிலும் ஜியு-ஜிட்சு கூடத்தில் இப்போது 'ஃப்ளோ'தான் பேச்சு: நிலை விட்டு நிலை மாறிக்கொண்டே இருப்பது. பக்கவாட்டில் அழுத்தும் சைடு கன்ட்ரோலிலிருந்து வயிற்றில் முழங்கால் ஊன்றும் நீ-ஆன்-பெல்லி, அங்கிருந்து எதிராளியின் மேல் இருபுறமும் கால் போட்டு அமரும் மவுண்ட், அடுத்து பின்னாலிருந்து பிடிக்கும் முதுகு. ஒரே நிலையில் தங்கினால் ஆட்டம் தேங்கிவிடும் என்று இதற்கு நியாயமும் சொல்கிறார்கள்.

இடம் மாறத் தெரியாதவர் முழு வீரர் ஆக முடியாது. மவுண்டில் சிக்கியவர் குப்புறத் திரும்பினால், முதுகை எடுத்தே ஆக வேண்டும். இதில் எனக்கு மறுப்பில்லை.

எதிராளி எதுவும் செய்யாதபோதே இடம் மாறுவதைத்தான் மறுக்கிறேன். சென்ற வாரம் நீலப் பட்டை இளைஞர் ஒருவர் மவுண்டில் நன்றாக அமர்ந்துவிட்டார். கீழே கிடந்தவர் முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து அசையாமல் இருந்தார். மேலிருந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதுகை எடுக்கப் புறப்பட்டு இடது முழங்காலை விரற்கடை அளவு தூக்கினார். அந்தச் சந்தில் எதிராளியின் முழங்கை நுழைந்தது, பின்னாலேயே முழங்காலும் வந்தது. பாடுபட்டு ஏறிய இடம் ஒரு மூச்சில் போய்விட்டது. இடம் மாறும் நொடியில்தான் நம் எடை எதிராளியை விட்டு எழுகிறது. காரணமில்லாமல் மாறுகிறவர் எதிராளி தேடும் வழியைத் தானே திறந்துவிடுகிறார்.

இந்தப் பழக்கத்துக்குப் புள்ளிமுறையும் தீனி போடுகிறது. சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி நிலையை 3 விநாடி நிறுத்தினால் போதும்: நீ-ஆன்-பெல்லிக்கு 2, மவுண்டுக்கு 4, முதுகுக்கு 4. வரிசையாகத் தொட்டுச் சென்றால் 10 புள்ளி. எதிராளிக்கு ஒரு நெரிப்பின் அச்சம்கூடத் தட்டியிருக்காது. வேண்டுமென்றே நிலையை விட்டு அதையே மீண்டும் பிடித்தால் புள்ளி இல்லை என்று அதே விதிநூல் சொல்கிறது. ஆசை எங்கே இழுக்கும் என்று எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, ஜியு-ஜிட்சு வீரர் ரோஜர் கிரேசி 2009 உலகப் போட்டியில் எதிராளிகளை மவுண்டிலிருந்து ஒரே கழுத்துப்பட்டை நெரிப்பால் பணியவைத்தார். என்ன வரப்போகிறது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும்; தெரிந்தும் தப்ப முடியவில்லை. அவருடைய எடைக்குக் கீழே சந்தே கிடைக்கவில்லை. தாலீம்கள் என்னும் குஸ்திக் கூடங்கள் உள்ள இந்த ஊருக்கு இது புதுப் பாடமா என்ன? மண் குஸ்தியில் எதிராளியின் முதுகு மண்ணில் படவேண்டும். இடைவழிக்கு யாரும் புள்ளி தருவதில்லை.

மூட்டைபோலக் கிடக்கும் துணையின் மேல் பழகிய ஃப்ளோ கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். உயிரோடு திமிறும் உடல் அதை முதல் நிமிடத்தில் கலைத்துவிடும். பயிற்சியை மவுண்டிலேயே தொடங்குங்கள். கீழிருப்பவர் முழு பலத்தோடு திமிறட்டும், மேலிருப்பவர் 2 நிமிடம் தாங்கிக் காட்டட்டும். எதிராளியின் உடல் திரும்பும்வரை அவர் இறங்கக் கூடாது. திரும்பிய பிறகு, எங்கே போக வேண்டும் என்பதை அந்த உடலே காட்டிக்கொடுக்கும்.