புள்ளியைத் தொடாத கோடு

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டு வாசல். விடிந்தும் விடியாத நேரம். பாட்டி புள்ளி வைத்து முடித்து, சிக்குக் கோலத்துக்குக் கை வைத்தார். "எங்கேயிருந்து ஆரம்பிப்பீங்க பாட்டி?" என்றேன். "எங்க ஆரம்பிச்சா என்ன? வந்துதானே சேரணும்" என்றார், தலை நிமிராமல்.

மூடிய வளைகோட்டுக்குத் தொடக்கம் கிடையாது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லி நான் பார்த்ததில்லை.

இடத்தை நிரப்பும் கோடு கணிதத்திலும் உண்டு. ஒரு கோடு சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுவிட முடியும் என்று இத்தாலியர் பியானோ 1890-ல் காட்டினார். மறுவருடமே ஹில்பர்ட் அதற்கு ஒரு படம் கொடுத்தார். சதுரத்தை 4 கட்டம், 16 கட்டம், 64 கட்டம் என்று பிரித்துக்கொண்டே போய், எல்லாக் கட்டங்களின் நடுவையும் ஒரே கோட்டால் கோத்துவிடுவது. ஒரு மீட்டர் சதுரத்தில் பத்தாவது படியிலேயே கோடு ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். இருபதாவது படியில் ஆயிரம் கிலோமீட்டரை. சதுரம் மட்டும் அப்படியே இருக்கும்.

பாட்டி வீட்டுத் தறியிலும் இந்த வேலைதான் நடக்கிறது. அங்குலத்துக்கு ஐம்பது ஊடை இழை என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை மீட்டர் சேலைக்குள் நாடா சுமார் 13 கிலோமீட்டர் இழையை மடித்து மடித்துப் போட்டிருக்கும். ஆனால் அது ஒரே இழை அல்ல. நாடாவுக்குள் இருக்கும் நூல் தார் தீர்ந்தால் புதுத் தார். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கும் இரண்டு கரைக்குமாக மூன்று நாடா.

அந்த வகையில் கோலம்தான் சுத்தம். எனக்கு ஒரு பிடிவாதமான ரசனை உண்டு: பியானோவின் கோட்டைவிடப் பாட்டியின் கோடு அழகு. பியானோவின் கோடு ஒரு புள்ளியையும் விட்டுவைக்காது. சில புள்ளிகளை ஒரு தடவைக்கு மேல் மிதித்தே தீர வேண்டும், வேறு வழி கிடையாது. சிக்குக் கோலமோ ஒரு புள்ளியைக்கூடத் தொடுவதில்லை. சுற்றிப் போகிறது, வளைகிறது, தன்னையே வெட்டிக்கொண்டு மறுபக்கம் வருகிறது, வாசல் நிறைந்துவிடுகிறது.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் 1970-களில் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள், கணினி படித்து வரையும்படியான விதிகளாக. ஆய்வுகளில் கிருஷ்ணனின் கொலுசு என்று வரும் கோலத்தை அடுத்த அளவுக்கு வளர்க்க, நான்கு பிரதிகளை வைத்து நடுவில் இணைத்தால் போதும். போலந்துக்காரர் சியர்பின்ஸ்கி 1912-ல் தந்த, சதுரத்தை நிரப்பும் வளைகோட்டின் ஜாடை அதில் அப்படியே தெரியும்.

ஒரு கோலத்தில் எத்தனை கோடு என்று அறியச் சிக்கலான கணக்கு வேண்டாம், வரிசைகளின் எண்ணிக்கைக்கும் வரிசைக்கான புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி போதும். பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவிலெல்லாம் கோடு வெட்டிப் போகும் எளிய சிக்குக் கோலத்தில் 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்றால் ஒரே கோடு. 4-க்கு 6 என்றால் இரண்டு. 4-க்கு 4 என்றால் நான்கு தனித்தனிக் கோடுகள். வீட்டுக்கு வந்து நோட்டில் போட்டுப் பார்த்தேன், நான்குதான் வந்தது.

மறுநாள் நோட்டைப் பாட்டியிடம் நீட்டினேன். விரலால் ஒரு முறை சுற்றி வந்தார். "மூணு இடத்துல வெட்டாம வளைச்சு விடு, ஒண்ணாயிடும்" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.