மோகினிக்கு மூத்த துள்ளல்

மதுரை சிம்மக்கல் டீக்கடையில் ‘யாரடி நீ மோகினி’ ஒலித்தால் பெஞ்சில் இருப்பவரின் கால் தானாகத் தாளம் போடும். 1958-ல் வந்த ‘உத்தம புத்திரன்’ பாட்டு. இசை ஜி.ராமநாதன், ஆண் குரல் மதுரைக்காரர் டி.எம்.சௌந்தரராஜன்; ஆட்டத்தில் சிவாஜியோடு ஹெலன்.

அது ராக் அண்ட் ரோல் துள்ளல். அதற்கும் மூத்தது 1930-களின் அமெரிக்க ஸ்விங் என்ற ஆட்ட இசை. ஸ்விங் குழுத் தலைவர் கவுண்ட் பேஸி 1937-ல் பதிவுசெய்த ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’பைக் கேட்கவேண்டும். முதலில் பேஸியின் பியானோ. அப்புறம் சாக்ஸபோன், டிராம்போன், டிரம்பெட் என ஆளாளுக்கு ஒரு சுற்று. கடைசியில் ஊதுகிறவர்கள் எல்லாரும் சின்னச்சின்னத் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப ஊதிச் சூடேற்றுவார்கள். அடியில் வால்டர் பேஜின் பேஸ் வாத்தியம் நாலு தட்டிலும் நிதானமாக நடக்கும். ஆடுபவர் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

இன்னொரு ஸ்விங் குழுத் தலைவர் பென்னி குட்மனின் ‘சிங், சிங், சிங்’ எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். பிரமாதம்தான், ஆனால் புதிதாக ஆடுபவருக்கு மூச்சு வாங்கிவிடும்.