நார்னியாவின் ஆண்டுக்கணக்கும் வாசிப்பின் வரிசையும்

சி. எஸ். லூயிஸ் சிறுவர்க்கென இயற்றிய நார்னியா கதைகள் ஏழு நூல்களாக 1950 முதல் 1956 முடிய ஆண்டுக்கொன்றாக வெளிவந்தன. ஆக்ஸ்போர்டிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் ஆங்கில இலக்கியம் கற்பித்த இவ்வறிஞரை அவருடைய கிறிஸ்தவ நெறிவிளக்க நூல்கள் வாயிலாக நம் வாசகர் அறிவர். அவருடைய கதைகளில் ஈடுபாடுடையோரிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. நூல்கள் வெளிவந்த முறைப்படி அவற்றை வாசிப்பதா, அன்றி நார்னியா நாட்டில் நிகழ்ச்சிகள் நடந்தேறிய முறைப்படி வாசிப்பதா என்பதே அவ்வழக்கு. அதனோடு பின்னிப் பிணைந்து, அந்நாட்டின் ஆண்டுகளை நம் உலகின் ஆண்டுகளோடு எவ்வாறு பொருத்துவது என்னும் கணக்கும் தொடர்கின்றது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இது பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆயினும் நற்செய்தி நூல்களின் நிகழ்ச்சிகளை ஒரே கயிற்றில் கோக்க முயன்று இடர்ப்பட்ட எவர்க்கும் இவ்வழக்கின் ஒவ்வொரு திருப்பமும் பழகிய தெருவாகவே தோன்றும்.

நூல்களை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். முதலில் வெளிவந்தது 'சிங்கம், சூனியக்காரி, அலமாரி'. போர்க்காலத்தில் இலண்டனிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட நான்கு சிறுவர், முதியவராகிய ஒரு பேராசிரியரின் இல்லத்தில் உள்ள அலமாரி வழியாக நார்னியாவுக்குள் புகுகின்றனர். அங்கு அஸ்லான் என்னும் சிங்கம், துரோகியாகிய எட்மண்டுக்காகத் தன் உயிரைக் கொடுத்து மீண்டும் எழுகின்றது. தொடர்ந்து 'இளவரசன் காஸ்பியன்', 'டான் டிரெடர் கப்பற்பயணம்', 'வெள்ளி நாற்காலி', 'குதிரையும் அதன் சிறுவனும்' ஆகியவை வந்தன. ஆறாவதாக 1955இல் வந்த 'மந்திரவாதியின் மருமகன்' நார்னியா படைக்கப்பட்ட வரலாற்றைக் கூறுகின்றது. (அம்மந்திரவாதி சிறுவன் டிகொரியின் தாய்க்கு உடன்பிறந்தவர். ஆதலின் ஆங்கிலத்தில் இருபொருள்படும் உறவுச்சொல் தமிழில் மருமகன் என்றே ஆக வேண்டும். இந்த ஓரிடத்தில் நம் மொழி மூலத்தைவிடத் தெளிவுடையது.) ஏழாவது 'இறுதிப்போர்', அவ்வுலகின் முடிவு.

இனி ஆண்டுக்கணக்கு. லூயிஸ் எழுதிவைத்த நார்னிய வரலாற்று அட்டவணை ஒன்றை, அவருடைய எழுத்துகளைப் பேணிப் பதிப்பித்த வால்டர் ஹூப்பர் 1970களில் வெளியிட்டார். அதன்படி நார்னியாவின் முதல் ஆண்டு நமது 1900. நான்கு சிறுவர் அலமாரிக்குள் புகுந்தது நமது 1940, நார்னியாவில் 1000. அவர்கள் மறுமுறை சென்றது 1941, அங்கோ 2303. கப்பற்பயணம் 1942, அங்கு 2306. வெள்ளி நாற்காலியின் கதையும் அதே 1942இல்தான், ஆனால் அங்கு 2356. இறுதிப்போர் 1949, அங்கு 2555.

இவ்வெண்களைச் சற்று நிறுத்தி நோக்க வேண்டும். நம் நாற்பது ஆண்டுகள் அங்கு ஏறத்தாழ ஆயிரம். அடுத்த ஓராண்டு அங்கு 1303. அதற்கடுத்த ஓராண்டு வெறும் மூன்று. பின் சில திங்கள் ஐம்பது ஆண்டுகளாகின்றன. அதன்பின் ஏழு ஆண்டுகள் 199 ஆகின்றன. போதாக்குறைக்கு, நால்வரும் நார்னியாவில் பதினைந்து ஆண்டுகள் அரசாண்டு திரும்புகையில் இவ்வுலகில் ஒரு நிமிடமும் கழிந்திலது. இவற்றுக்கிடையே ஒரு விகிதம் இருத்தல் வேண்டும் என்று கருதி, வாய்பாடு காண முயன்ற அன்பர் பலர். அம்முயற்சி கைகூடாது, ஏனெனில் கதையே விகிதத்தை மறுக்கின்றது. விடுமுறையில் இளைஞனாகக் கண்ட காஸ்பியனை, அடுத்த பள்ளிப் பருவத்தில் தளர்ந்த கிழவனாகக் காணும் யூஸ்டஸின் திகைப்பு, வாய்பாடு ஒன்று முன்னரே கைவசம் இருப்பின் எவ்வாறு எழும்? கர்த்தருக்கு ஆயிரம் ஆண்டுகள் ஒரு நாள்போல என்று கூறும் நிருபத்தைப் பெருக்கல் வாய்பாடாக்கி உலக முடிவின் நாளைக் குறித்தவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். இரு திறத்தாரும் செய்யும் பிழை ஒன்றே.

அட்டவணை வேறு சில இக்கட்டுகளையும் உண்டாக்குகின்றது. முதல் நூலில் பேராசிரியர் மிக வயது முதிர்ந்தவர், முகமெல்லாம் நரைமுடி படர்ந்தவர். அவரே 'மந்திரவாதியின் மருமகன்' நூலின் சிறுவன் டிகொரி எனப் பின்னர் அறிகிறோம். அட்டவணையின்படி டிகொரி பிறந்தது 1888. எனில் 1940இல் அவருக்கு வயது ஐம்பத்திரண்டு! எம் போன்றோர்க்கு இது மகிழ்ச்சியூட்டும் செய்தியன்று. ஆனால் விடை கடினமன்று: முதல் நூலை எழுதியபோது அந்தப் பேராசிரியர் யாரென்று ஆசிரியரே அறிந்திலர்.

இதனினும் பெரிய முரண் உண்டு. முதல் நூலில் நீர்நாய்த் தம்பதியர், மனித இனத்தார் எவரும் இதற்குமுன் நார்னியாவுக்கு வந்ததில்லை என்கின்றனர். சூனியக்காரி ஆதாமின் முதல் மனைவியாகக் கூறப்படும் லிலித்தின் வழிவந்தவள் என்கின்றனர். ஆனால் படைப்பைக் கூறும் நூலிலோ நார்னியாவின் முதல் அரசனும் அரசியும் இலண்டன் வண்டியோட்டியும் அவன் மனைவியுமே. சூனியக்காரியும் சார்ன் என்னும் வேறோர் உலகிலிருந்து வந்தவள். நிகழ்ச்சி முறைப்படி வாசிக்கும் சிறுவன் முதல் நூலைக் கையிலெடுத்தவுடன், நீர்நாய் பொய் சொல்கிறதா என்று கேட்பான். வெளிவந்த முறைப்படி வாசிப்பவனுக்கோ, நூறாண்டுக் குளிர்காலத்தில் ஒடுக்குண்ட எளிய மக்களிடையே பழைய நினைவு மங்கிப்போனது என்பது பின்னர்ப் புலப்படும். முரண் இரண்டிலும் ஒன்றே. ஒரு வரிசையில் அது பிழையாக நிற்கிறது, மற்றதில் பொருள் தருகிறது.

1537இல் தம் நற்செய்தி ஒத்திசைவு நூலை வெளியிட்ட ஆன்ட்ரியாஸ் ஒசியாண்டர், நான்கு நூல்களின் வரிசையும் சிறிதும் பிசகாதது என்று கொண்டமையால், யவீருவின் மகள் ஒரு முறைக்கு மேல் உயிர்ப்பிக்கப்பட்டதாகக் கணக்கிட நேர்ந்தது. தேவாலயத்தைத் தூய்மையாக்கியது யோவானில் இரண்டாம் அதிகாரத்திலும் மாற்குவில் பதினோராம் அதிகாரத்திலும் வருவதால், அது இருமுறை நிகழ்ந்தது என்பாரும் உளர். அவர்தம் பக்தியை நாம் குறை கூறோம். ஆனால் யோவான் ஏன் அதனைத் தொடக்கத்தில் வைத்தார் என்னும் வினாவை அவ்விடை கொன்றுவிடுகின்றது. எரேமியாவில் 34ஆம் அதிகாரம் சிதேக்கியாவின் காலத்தது. 35ஆம் அதிகாரமோ அவனுக்கு முந்திய யோயாக்கீமின் காலத்துக்குச் செல்கின்றது. இவ்வதிகாரங்களை ஆண்டு முறைப்படி மாற்றி அடுக்கினால் வரலாறு தெளிவுபெறும் என்பது மெய். அதே வேளையில், கீழ்ப்படிந்த ரேகாபியரைக் கீழ்ப்படியாத எருசலேமின் அருகே நிறுத்திய தொகுப்பாளரின் கை மறைந்துபோகும்.

நிகழ்ச்சி முறையை ஆதரிப்போர் இரு சான்றுகளைக் காட்டுவர். ஒன்று, 1957இல் லூயிஸ் எழுதிய கடிதம். அமெரிக்கச் சிறுவன் ஒருவன் நிகழ்ச்சி முறையே தக்கது என்றும், அவன் தாய் வெளிவந்த முறையே தக்கது என்றும் கருதினர். லூயிஸ் சிறுவனின் பக்கம் சாய்ந்து விடையெழுதினார். மற்றொன்று, 1994இல் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் நூல்களுக்கு நிகழ்ச்சி முறைப்படி எண்ணிட்டு, 'மந்திரவாதியின் மருமகன்' நூலை முதலாவதாக்கியது. லூயிஸின் மனைவி வழி மகன் டக்ளஸ் கிரெஷாமும் இம்முறையை ஆதரித்தவர். ஆசிரியரும் குடும்பத்தாரும் பதிப்பாளரும் ஒருமித்தபின் வழக்கேது என்பர்.

வழக்கு உண்டு. அக்கடிதத்தை முழுமையாக நோக்கின், முதல் நூலை எழுதியபோது தொடர் எதனையும் தாம் திட்டமிட்டிலர் என்றும், மூன்றாவதே இறுதி என எண்ணித் தவறியதாகவும், எந்த வரிசையில் வாசித்தாலும் பெரிதும் வேறுபாடில்லை என்றும் அவர் கூறியிருப்பது புலனாகும். ஒரு பிள்ளையின் மனம் நோகாதவாறு எழுதிய கனிவான மடலைச் சட்டமாக்குவது முறையன்று. மேலும், தம் நூல் வாசகரிடத்துச் செய்யும் வினையைப் பற்றி நூலாசிரியர் பின்னாளில் கூறும் கருத்து, ஒரு நல்ல வாசகரின் கருத்தேயன்றித் தீர்ப்பன்று. நூலையே கேட்க வேண்டும்.

நூல் கூறுவது தெளிவு. 'சிங்கம், சூனியக்காரி, அலமாரி'யில் அஸ்லானின் பெயரைச் சிறுவர் முதன்முறை கேட்கும் இடத்தில், அவர் யாரென வாசகர் அறியாதது போலவே அவர்களும் அறியார் என்று ஆசிரியர் சொல்கிறார். அறியாத அப்பெயரைக் கேட்டவுடன் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒவ்வோர் உணர்வு எழுகின்றது. அஸ்லான் பாடிப் படைத்த உலகை முன்னரே வாசித்துவிட்டவனுக்கு அவ்வாக்கியம் வெறும் பொய். பனிக்காட்டின் நடுவே தனித்தெரியும் விளக்குக் கம்பம் லூசிக்கு வியப்பு, வாசகர்க்கும் வியப்பு. அது எவ்வாறு முளைத்தது என்பதை முன்னரே அறிந்தவனுக்கு அது பழைய செய்தி. மறுபுறம், 'மந்திரவாதியின் மருமகன்' தன் முதற்பத்தியிலேயே நம் உலகுக்கும் நார்னியாவுக்கும் இடையிலான போக்குவரத்து எவ்வாறு தொடங்கியது எனக் காட்டுவதால் தான் முதன்மையானது என்கிறது. அப்போக்குவரத்தை அறியாதவனிடம் எவரேனும் அவ்வாறு பேசுவரோ? 'இளவரசன் காஸ்பியன்' நூலின் துணைத்தலைப்பே நார்னியாவுக்குத் திரும்புதலைக் குறிக்கின்றது. அந்நூலில் பாழடைந்த ஒரு கோட்டையிலே சதுரங்கக் குதிரை ஒன்றைக் கண்டெடுத்து, இது நாம் அரசாண்ட கேர் பாரவெல் என்று சிறுவர் மெல்ல உணரும் பகுதி, அட்டவணையை முன்கூட்டிப் படித்தவர்க்கு முற்றிலும் வீண்.

நிகழ்ச்சி முறை தன் விதியையே காத்துக்கொள்ள இயலாதது என்பதும் கருதத்தக்கது. 'குதிரையும் அதன் சிறுவனும்' நடப்பது 1014இல், அதாவது முதல் நூலின் கடைசி அதிகாரத்துக்குள். விதியைத் தவறாது பின்பற்ற வேண்டுமாயின் அலமாரிக் கதையை இறுதிப் பக்கங்களில் நிறுத்தி, அதை முடித்து, மீண்டு வர வேண்டும். எவரும் அவ்வாறு செய்வதில்லை.

ஆயினும் எதிர்த்தரப்பினரும் எல்லை கடப்பதுண்டு. வெளிவந்த வரிசை எழுதப்பட்ட வரிசையே அன்று. 'குதிரையும் அதன் சிறுவனும்' 'வெள்ளி நாற்காலி'க்கு முன்பே எழுதப்பட்டது. 'இறுதிப்போர்' எழுதி முடித்த பின்னரே படைப்பின் கதையை லூயிஸ் நிறைவு செய்தார். தம் உலகின் முடிவைக் கண்ட பிறகே அதன் தொடக்கத்தை அவரால் முடிக்க இயன்றது என்பது நம் சிந்தனைக்குரியது. எனவே ஏழு நூல்களின் வெளியீட்டு வரிசையையும் புனிதமாகக் கொள்ள வேண்டியதில்லை. நாம் வலியுறுத்துவது இவ்வளவே: அலமாரிக் கதை முதலில் வர வேண்டும், இறுதிப்போர் கடைசியில் வர வேண்டும், படைப்பின் கதை அவ்விரண்டுக்கும் இடையே பிந்தி வர வேண்டும். எஞ்சியவற்றில் வாசகர்க்கு உரிமையுண்டு.

படைப்பின் கதை ஏன் பிந்த வேண்டும்? கெர்ஹார்ட் ஃபான் ராட் 1936இல் எழுதிய கட்டுரையில், இஸ்ரவேலின் நம்பிக்கையில் மீட்பே முந்தியது, படைப்புக் கோட்பாடு அதற்குத் துணையாக வளர்ந்தது என்றார். அவர் கூற்றை மறுத்தோர் பலர், மறுப்பில் வலுவும் உண்டு. அவ்வாதத்தை ஈண்டு தீர்க்கப் புகோம். ஆனால் அறியும் முறையைப் பொறுத்தவரை அவர் சுட்டியது மெய்யே. எகிப்திலிருந்து தம்மை வெளியே கொண்டுவந்தவரை அறிந்த மக்களுக்கே வானமும் பூமியும் அவருடையவை என்னும் சொல் ஆறுதலாயிற்று. நம் ஊழியர் புதிதாக வினவி வருவோர் கையில் முதலில் கொடுப்பது பெரும்பாலும் ஒரு நற்செய்தி நூலையே. அதனால் ஆதியாகமம் தன் முதலிடத்தை இழந்துவிடுவதில்லை.

இதற்குச் சான்றாக லூயிஸின் நூலிலேயே ஓரிடம் உண்டு. டிகொரியின் தாய் நோயுற்றுச் சாகக் கிடக்கிறாள். அச்சிறுவன் அஸ்லானை அண்டி அவளுக்கு நலம் வேண்டுகிறான். தலைநிமிர்ந்து நோக்குகையில் சிங்கத்தின் கண்களில் தன் கண்ணீரினும் பெரிய கண்ணீர்த் துளிகளைக் காண்கிறான். லூயிஸ் தம் தாயை 1908இல் ஒன்பது வயதில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்பதை அறிவோர்க்கு இப்பகுதி எழுதியதன் அருமை விளங்கும். இதையே முதல் நூலாக வாசிக்கும் பிள்ளைக்கு அது இரக்கமுள்ள ஒரு பெரிய விலங்கின் கண்ணீர், அழகிய காட்சி. கல்மேசையின்மேல் அச்சிங்கம் கட்டுண்டு, பிடரி மழிக்கப்பட்டு, ஏளனத்துக்குள்ளாகி, எட்மண்டுக்காகக் குத்தப்பட்டதை முன்னரே கண்ட பிள்ளைக்கோ, அக்கண்ணீருக்குப் பின்னால் என்ன விலை நிற்கிறது என்பது தெரியும். படைத்தவர் அழுகிறார் என்பதோடு, அழுகிறவர் யார் என்பதையும் அவன் அறிவான்.

மறுமுறை வாசிப்போர் எவ்வரிசையிலும் வாசிக்கலாம். படைப்பிலிருந்து முடிவு வரை தொடர்ச்சியாக ஒருமுறை செல்வது அவர்க்கு நன்மையே தரும். அவ்வாசிப்புக்கு லூயிஸின் அட்டவணையும் உதவும். ஆனால் முதல் வாசிப்பு ஒருமுறைதான் வாய்க்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் பதிப்புகளில் 'சிங்கம், சூனியக்காரி, அலமாரி' என்னும் நூலின் முதுகில் 2 என்னும் எண் அச்சிடப்பட்டுள்ளது. ஞாயிறு பள்ளி நூலகத்துக்கு அத்தொகுதியை வாங்கும் போதகர்கள், அலமாரிக்குள் இன்னும் நுழையாத பிள்ளைக்கு அந்த இரண்டாம் எண் நூலையே முதலில் எடுத்துக் கொடுப்பார்களாக.